தென்காசிப் பக்கம் வந்துவிட்டோம், மனம்விட்டுப் பேச நாலு பேரை எங்கே தேடுவது?

மாற்றலில்_வந்தவள் | ஜூன் 16, இரவு 10:40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணவருக்கு வங்கியில் மாற்றல் வந்து மே கடைசியில் சென்னையிலிருந்து தென்காசிக்கு வந்துவிட்டோம். எட்டு வயதில் ஒரு மகள். நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன், அலுவலகம் என்று ஒன்று இல்லாததால் நானாக வெளியே போய்ப் பழகினால்தான் உண்டு. குறைந்தது மூன்று வருடம் இங்கேதான்.

எங்களுடையது சாதி மறுப்புத் திருமணம். 2013-இல் சுயமரியாதை முறையில் மாலை மாற்றிக்கொண்டோம், பதிவும் செய்தோம். தாலி இல்லை. சாமி கும்பிடும் பழக்கமும் இருவருக்கும் இல்லை. சென்னையில் இதைப் பற்றி யோசிக்கவேண்டிய தேவையே வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏதாவது கூட்டம், இல்லையென்றால் யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடி, பத்துப் பேர் இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்போம், பிள்ளைகள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்.

இங்கே முதலில் பார்த்த வீடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முன்னால் பட்டாசல், பின்னால் முருங்கை மரம், மாடியிலிருந்து பார்த்தால் மலை. வீட்டுக்கார அம்மா எவர்சில்வர் தம்ளரில் காபி கொடுத்து, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். சொந்த ஊர் கேட்டார், சொன்னோம். அப்புறம், "பங்குனி உத்திரத்துக்கு எங்க போவீங்க? உங்க சாஸ்தா எது?" என்றார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. என் கணவர், "நாங்க எங்கயும் போறதில்லைம்மா" என்றார். அந்த அம்மாவின் கண் மெதுவாக என் கழுத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. அன்று ராத்திரியே புரோக்கர் கூப்பிட்டு, அவர்கள் தம்பி குடும்பம் குடிவரப்போகிறது, முன்பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள் என்றார். இரண்டு வாரம் கழித்து அந்த வழியாகப் போனபோது 'வீடு வாடகைக்கு' அட்டை அதே கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது மேலகரத்தில் ஒரு ஓய்வுபெற்ற பெரியவர் வீட்டு மாடியில் இருக்கிறோம், அவர் எதுவும் கேட்கவில்லை. நான் ஊரைத் திருத்த வரவில்லை. யாரையும் குறை சொல்லவும் இல்லை. ஆனால் வந்ததிலிருந்து என் கணவரையும் மகளையும் தவிர யாரிடமும் நான் நானாகப் பேசவில்லை. தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் இந்தப் பக்கம் இல்லாமலா இருப்பார்கள்? எங்கே போய்த் தேடுவது?

---

அஞ்சல்காரர்_அம்பை | ஜூன் 17, காலை 6:15

அம்மா, வருக. நான் முப்பத்தாறு வருடம் அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சாஸ்தா கேள்வியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் பங்குனி உத்திரத்துக்கு அவரவர் குடும்பச் சாஸ்தா கோயிலுக்குப் போவது பெரிய வழக்கம். வெளியூரில் பிழைப்பவன்கூட அன்றைக்குக் குடும்பத்தோடு வந்துவிடுவான். அதனால் கேட்பவர் பலர் நிஜமாகவே பக்தியில்தான் கேட்பார்கள். ஆனால் எந்தச் சாஸ்தா என்று தெரிந்தால் என்ன ஆட்கள் என்று தெரிந்துவிடும் என்பதும் உண்மை. நேரே கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இந்தக் கேள்வியைத்தான் கேட்பார்கள். உங்களுக்கு நடந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, எங்கே தேடுவது? என் அனுபவத்தில் இந்த மாவட்டங்களில் யோசிக்கிற, வாசிக்கிற ஆட்களை வளர்த்துவிட்டது தொழிற்சங்கங்கள்தான். அஞ்சல், தொலைபேசி, ஆயுள் காப்பீடு, வங்கி, ஆசிரியர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சங்கக் கூட்டம் முடிந்ததும் அதே பெஞ்சில் கதை வாசிப்போம். உங்கள் கணவர் வங்கியில்தான் இருக்கிறார், கிளையில் சங்கப் பொறுப்பில் யார் இருக்கிறார் என்று கேட்டு ஒரு டீ குடிக்கச் சொல்லுங்கள். அவரைப் பிடித்தால் தமுஎகச (முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்), கலை இலக்கியப் பெருமன்றம், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் எல்லாவற்றுக்கும் வழி தெரிந்துவிடும். முதலாவது 1975-இல் மதுரையில் தொடங்கியது, இரண்டாவது பொதுவுடைமைத் தலைவர் ஜீவா 1961-இல் தொடங்கியது, அறிவியல் இயக்கம் 1980-இலிருந்து இருக்கிறது. கட்சி சார்பு எப்படி இருந்தாலும் அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் உங்கள் வீட்டைப் போல ஒரு கல்யாணம் நடந்திருக்கும்.

இன்னொன்று நூலகம். மாலை ஐந்து மணிக்கு வட்டார நூலகத்துக்குப் போய் மாத இதழ்கள் இருக்கிற மேசையில் ஒரு வாரம் தொடர்ந்து உட்காருங்கள். தினசரிக்கு வருகிறவர்கள் வேறு, போட்டித் தேர்வுப் பிள்ளைகள் வேறு, சிற்றிதழைத் தேடி எடுக்கிறவர் தனியாகத் தெரிவார். நான் என் நெருங்கிய நண்பரை அப்படித்தான் பிடித்தேன், இருபத்தெட்டு வருடம் ஆகிறது.

---

செங்கோட்டை_மைந்தன் | ஜூன் 17, காலை 9:02

அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது, வீட்டு விஷயத்தில் நடந்தது தப்பு. ஆனால் எங்கள் ஊர் முழுக்க ஒரே மாதிரி என்ற தொனி வருவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நான் சென்னையில் ஆறு வருடம் இருந்தேன். 'சைவம் மட்டும்' என்று போட்டிருந்த வாடகை விளம்பரங்களுக்கு எத்தனை தடவை போன் செய்து அவமானப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். அங்கே உங்களை யாரும் கேட்கவில்லை என்றால் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத ஊர் அது என்பதால்தான். கண்டுகொள்ளாமல் விடுவது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு.

முதல் சுயமரியாதைத் திருமணம் எங்கே நடந்தது? 1928-இல், அருப்புக்கோட்டை பக்கத்தில் சுக்கிலநத்தம் என்ற கிராமத்தில், பெரியார் தலைமையில். சென்னையில் இல்லை. தெற்கே கிராமத்துக்காரர்கள் செய்து காட்டியதைத்தான் 1967-இல் சட்டமன்றம் சட்டமாக்கியது. இந்த மண்ணில் சாதிவெறி இருக்கிறது, நான் மறுக்கவில்லை. அதை எதிர்த்து நின்றவர்களும் இதே மண்ணில்தான் பிறந்தார்கள், அவர்கள் பேரப்பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள்.

---

மாற்றலில்_வந்தவள் | ஜூன் 17, பகல் 1:30

தம்பி, நீங்கள் சொன்னது சரி, ஒரு வீட்டை வைத்து ஊரை எடைபோட்டுவிட்டேன், மன்னியுங்கள். கண்டுகொள்ளாமல் விடுவது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு என்று நீங்கள் எழுதியதை என் கணவரிடம் படித்துக் காட்டினேன், அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். எங்களுக்குச் சென்னையில் கிடைத்தது முதலாவதுதானோ என்று இப்போது தோன்றுகிறது.

அஞ்சல்காரர் ஐயா, மிக்க நன்றி. நாளையே நூலகம் போகிறேன்.

---

கொங்கு_மருமகள் | ஜூன் 17, மாலை 7:48

எல்லோரும் யாரைப் போய்ப் பார்ப்பது என்று சொல்கிறீர்கள், நான் முதலில் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. 2016-இல் நாங்கள் சென்னையிலிருந்து திருச்செங்கோடு பக்கம் வந்தோம். எங்களுடையதும் சாதி மறுப்புத் திருமணம். அந்தப் பக்கத்தில் கோகுல்ராஜ் சாதிக்காகக் கொல்லப்பட்டு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, உடுமலையில் சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கரைப் பட்டப்பகலில் பேருந்து நிலையம் அருகே வெட்டிக் கொன்றதைத் தமிழ்நாடே பார்த்திருந்தது. நான் எந்த மனநிலையில் பெட்டியைக் கட்டியிருப்பேன் என்று நினைத்துப் பாருங்கள்.

மாற்றலில் வந்தவரே, ஒரு கேள்வி. உங்கள் இருவர் குடும்பத்திலும் யாராவது இன்னும் கோபமாக இருக்கிறார்களா? அவர்களுக்குத் தென்காசிப் பக்கம் சொந்தபந்தம் உண்டா? இதைப் பொதுவில் சொல்லவேண்டாம், உங்களுக்குள் யோசியுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் அது பெரும்பாலும் சொந்த ரத்தத்திலிருந்துதான் வந்திருக்கிறது. புது ஊர்க்காரர்களிடமிருந்து வருவது ஒதுக்கிவைப்பு, வீடு தராமை, பேச்சு. இரண்டும் ஒன்றில்லை, இரண்டுக்கும் ஒரே பயம் பயப்படக் கூடாது, ஒரே தைரியமும் கூடாது.

முதல் வகை இருந்தால், 2018-இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வைக்கச் சொல்லியிருக்கிறது. எஸ்.பி., மாவட்டச் சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் மூவரும் அதில் உண்டு. எதுவும் நடக்கும்வரை காத்திருக்காமல் ஒரு மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கொடுத்தோம். பெண்கள் உதவி எண் 181-ஐ மகளுக்கும் மனப்பாடம் செய்யவைத்திருக்கிறேன்.

இரண்டாவது வகைக்கு என் அனுபவம் இது. வந்த ஒரு மாதத்தில் நான் வேலை பார்த்த இடத்தில் மதியச் சாப்பாட்டின்போது ஒரு பெண்ணிடம், நல்லவர் என்று நம்பி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவரும் இல்லை, அவருக்கு அது ஒரு சுவாரசியமான செய்தி, அவ்வளவுதான். பத்து நாளில் வீட்டு உரிமையாளர் காதுக்குப் போனது, இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்தோம். அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யாராவது முதலில் தங்களைப் பற்றி ஒரு கஷ்டத்தைச் சொல்லட்டும், அதற்குச் சமமாக என்னுடையதில் ஒன்றைச் சொல்வேன். ஒரு படி அவர்கள், ஒரு படி நான். மெதுவாகத்தான் போகும். ஆனால் எட்டு வருடத்தில் அப்படிச் சேர்ந்தவர்கள் யாரும் என்னை விட்டுப் போகவில்லை.

எங்கே சேர்ந்தார்கள் என்றால், ஈரோடு புத்தகத் திருவிழாவில். மக்கள் சிந்தனைப் பேரவை 2005-இலிருந்து ஒவ்வோர் ஆகஸ்டிலும் நடத்துகிறது, மாலையில் சொற்பொழிவு இருக்கும். முதல் வருடம் நடுவில் ஒரு நாள் தவிர நான்கு நாள் போனேன். ஒரே வரிசையில் ஒரே முகங்கள். அந்த ஒரு நாள் விட்டுப் போனபோது ஓர் அக்கா நகர்ந்து இடம் கொடுத்து, "நேத்து நீங்க வரலைன்னு பாத்தேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, நான் வராததை ஒருவர் கவனித்திருக்கிறார் என்று. இப்போது எல்லா மாவட்டத்திலும் அரசே புத்தகத் திருவிழா நடத்துகிறது, உங்கள் மாவட்டத்தில் வரும்போது ஒரு நாளோடு திரும்பிவிடாதீர்கள்.

---

மீனாட்சி_சித்தி | ஜூன் 18, காலை 11:20

கண்ணு, என் வயது அறுபத்திரண்டு, சித்தி ஸ்தானத்தில் இருந்து சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மூன்று வருடம்தானே. ஒரு மஞ்சள் கயிறு, ஒரு பொட்டு. உன் கொள்கை உன் மனதில் இருக்கிறது, அதை யார் பறிக்கப்போகிறார்கள்? குழந்தை அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்கு விளையாடப் போகவேண்டாமா? நான் கல்யாணமாகி வந்த வீட்டில் எனக்குப் பிடிக்காத எத்தனையோ செய்தேன். கொஞ்சம் வளைந்துகொடுத்தால் நாள் ஓடிவிடும்.

---

மாற்றலில்_வந்தவள் | ஜூன் 18, மாலை 4:05

சித்தி, அக்கறையில் சொல்கிறீர்கள், எனக்குத் தெரிகிறது. இதைப் பற்றி நாங்கள் இருவரும் உண்மையாகவே பேசினோம், முதல் வீடு போன அன்றைக்கே. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் போட்டாலும் போதும், தாலி கட்டினாலும் போதும், ஏதாவது ஒன்று. தாலி கட்டுகிறவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, என் அம்மா கட்டியிருக்கிறார்.

ஆனால் என் மகள் இருக்கிறாள். அவள் பிறந்ததிலிருந்து என் கழுத்தைப் பார்க்கிறாள். நாளைக்கு ஒரு கயிறு வந்தால் ஏன் என்று கேட்பாள், "வீடு கிடைக்கவேண்டும் என்பதற்காக" என்று நான் சொல்லவேண்டும். அதை அவள் வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டாள். பொட்டு நான் வைப்பதுண்டு, பிடித்த நாளில். அது வேறு.

---

மீனாட்சி_சித்தி | ஜூன் 18, மாலை 5:31

சரி கண்ணு. பிள்ளைக்காக என்று சொல்லிவிட்டாய், அதற்குமேல் நான் பேச ஒன்றுமில்லை. நானும் என் மகளுக்காகச் சிலதைச் செய்திருக்கலாமே என்று இப்போது நினைக்கிறேன். நல்லா இரு.

---

கரும்பலகை | ஜூன் 18, இரவு 9:12

நெல்லை மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை நான். குழந்தையைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகப் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பள்ளியில் சேர்க்கும்போது சாதி, மதப் பகுதியை வெற்றிடமாக விடலாம், 'இல்லை' என்றும் எழுதலாம், 1973-லேயே அரசாணை இருக்கிறது. தெரியாத அலுவலர் மறுத்தால் கோபப்படாமல் அரசாணையை எடுத்துக் காட்டுங்கள், பெரும்பாலும் அவர்களுக்கு அது தெரியாது, அவ்வளவுதான். ஒரு விஷயம் மட்டும் யோசித்து முடிவெடுங்கள்: பின்னால் இடஒதுக்கீடு வேண்டுமென்றால் சான்றிதழ் தேவை, அது உங்கள் குடும்ப முடிவு.

கைக்கயிறு பற்றியும் தெரிந்திருக்கவேண்டும். எங்கள் பக்கம் பள்ளிகளில் பையன்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறு அவன் எந்தச் சாதி என்று சொல்லும். எட்டாம் வகுப்பில் ஒருநாள் ஒரு பையன் தன் கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்தான். மணிக்கட்டில் அந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்துக் கிடந்தது, அதை மறுகையால் மூடிக்கொண்டே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதற்கப்புறம் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள், 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார், கயிறு கூடாது என்பதும் அதில் உண்டு. அறிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், நான் சொல்லவருவது, இதை நினைத்துத் தூக்கம் கெட்டுப்போகிற ஆசிரியர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவராவது இருக்கிறோம். எங்களுக்கும் பேச ஆள் கிடையாது. உங்களைப் போன்ற ஒரு தாய் பள்ளிக்குள் வருவது எங்களுக்குப் பெரிய பலம்.

மகள் அரசுப் பள்ளியில் என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருந்தாக வேண்டும், ஆனால் வருகிறவர்கள் குறைவு. கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை, சுற்றுச்சுவர் இடிந்திருக்கிறது என்று நாலு மாதம் சேர்ந்து அலைந்தால் அந்தப் பெண்கள் உங்கள் கழுத்தைப் பார்க்கமாட்டார்கள். அப்புறம் அறிவியல் இயக்கம் பிள்ளைகளுக்காக நடத்தும் துளிர் இல்லம் பக்கத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் நீங்களே தொடங்கலாம், பத்துப் பிள்ளைகளும் ஒரு மாடியும் போதும்.

---

செங்கோட்டை_மைந்தன் | ஜூன் 18, இரவு 10:01

ஆசிரியை அக்கா, நான் ஒன்பதாம் வகுப்பில் அந்தக் கயிறு கட்டியிருந்தவன்தான். என் அண்ணன்மார் கட்டிவிட்டார்கள், ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. கல்லூரிக்கு மதுரை போனபோது அறைத்தோழன் "இது எதுக்கு?" என்று கேட்டான், என்னால் பதில் சொல்ல முடியவில்லை, அன்றைக்கே அறுத்துப் போட்டேன். இதை எங்கேயும் எழுதியதில்லை. நேற்று என் ஊரைச் சொன்னதும் கோபம் வந்து எழுதினேன், ஆனால் அந்தக் கயிறும் என் ஊர்தான்.

---

பூவேலை_கடையநல்லூர் | ஜூன் 19, பகல் 2:50

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மாற்றலில் வந்த அக்கா, எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

நான் கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணமாகிக் கடையநல்லூர் வந்து பதினோரு வருடம். தமிழ் இலக்கியம் முதுகலை. கணவர் வளைகுடாவில். வந்த புதிதில் எனக்கும் அந்தத் தொண்டை அடைப்பு இருந்தது, நீங்கள் எழுதிய அதே வார்த்தை. மாமியார் நல்ல மனுஷி, ஆனால் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார். வெளியே கூட்டத்துக்குப் போகிற பழக்கம் எங்கள் வீடுகளில் பெண்களுக்குக் கிடையாது.

அதனால் வீட்டுக்குள்ளேயே தொடங்கினேன். துப்பட்டாவில் பூவேலை கற்றுத்தருகிறேன் என்று சொன்னேன், ஏழு பேர் வந்தார்கள். கை வேலை செய்யும்போது காது சும்மாத்தானே இருக்கிறது, ஒருவர் வாசிக்கட்டும் என்றேன். வியாழக்கிழமை லுஹர் தொழுகை முடித்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு உட்கார்ந்தால் அஸர், அதாவது பிற்பகல் தொழுகை வரைக்கும். ஐந்து வருடமாக நடக்கிறது. இன்றுவரை ஊரில் அதற்குப் பெயர் பூவேலை வகுப்புதான். நாற்பது புத்தகத்துக்குமேல் முடித்துவிட்டோம். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய ஒரு பெண், வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே மறுபடி படிக்கத் தொடங்கிப் போன வருடம் பன்னிரண்டாம் வகுப்பு தனித்தேர்வு எழுதினாள்.

இப்போது என் கேள்வி. நான் ஐந்து நேரம் தொழுகிறவள், மார்க்கத்தை மனதார நம்புகிறவள். நீங்கள் சாமி இல்லை என்கிறவர். எங்கள் ஏழு பேரில் உங்களைப் போல யோசிப்பவர் ஒருவரும் இல்லை. நீங்கள் தேடும் நாலு பேரில் நான் வருவேனா? வருத்தத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

---

மாற்றலில்_வந்தவள் | ஜூன் 19, இரவு 11:36

தங்கை, உங்கள் கேள்வியை நாள் முழுக்கச் சுமந்துகொண்டு திரிந்தேன். உடனே 'கண்டிப்பாக' என்று எழுதியிருக்கலாம், ஆனால் உங்களிடம் பொய்யாக ஒரு வார்த்தைகூட எழுத மனம் வரவில்லை.

இங்கே முதலில் எழுதியபோது என் மனதில் இருந்த நாலு பேர் சென்னையில் விட்டுவந்த நாலு பேரைப் போலவே இருந்தார்கள். ஒரே புத்தகம், ஒரே அரசியல், ஒரே கோபம். நீங்கள் அதில் இல்லை, உண்மை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தப் பத்துப் பேரில் யாரும் ஒரு பெண்ணை மறுபடி பரீட்சை எழுதவைக்கவில்லை, நானும் இல்லை. எனக்குத் தொண்டை அடைத்தது, கடவுளைப் பற்றி யாரிடமும் விவாதிக்க முடியவில்லை என்பதால் இல்லை. என்னை அப்படியே வைத்துக்கொண்டு ஒருவர் முன்னால் உட்கார முடியவில்லை என்பதால். உங்கள் முன்னால் உட்காரலாம் என்று தோன்றுகிறது. ஒரு வியாழக்கிழமை வரட்டுமா? எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியும், அதற்குமேல் தெரியாது.

---

அஞ்சல்காரர்_அம்பை | ஜூன் 20, காலை 6:05

இதைப் படித்தபோது வட்டத்தொட்டி ஞாபகம் வந்தது. நெல்லையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு முற்றத்தில் கூடியவர்கள் எல்லோரும் ஒரே கொள்கைக்காரர்கள் இல்லை, கம்பனை வாசித்துக் கேட்பதற்காக வந்தார்கள்.

உங்கள் மாவட்டத்திலேயே கடையமும் இருக்கிறது. 1918 கடைசியில் விடுதலையாகி வந்த பாரதி, செல்லம்மாளின் ஊரான அங்கேதான் 1920 வரை இருந்தார். அக்கிரகாரம் அவரை ஒதுக்கித்தான் வைத்தது. அவ்வளவு பெரிய மனிதருக்கு அந்த ஊரில் மனம்விட்டுப் பேசப் போதுமான ஆட்கள் இல்லாமல் போனார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு வலிக்கும். அதனால்தான் அம்மா, புதிதாக யாராவது வந்து தனியாக இருக்கிறேன் என்றால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. 1990-களில் எழுத்தறிவு கற்றுத்தந்த அறிவொளி இயக்கத்தில் நான் தொண்டன், அரிக்கேன் விளக்கோடு எத்தனையோ தெருவில் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு என்னோடு உட்கார்ந்த இரண்டு பேர் இப்போது தென்காசியில்தான் இருக்கிறார்கள். தனிச்செய்தியில் அவர்களிடம் கேட்டுவிட்டுத் தொடர்பு தருகிறேன்.

---

மாற்றலில்_வந்தவள் | செப்டம்பர் 8, இரவு 9:55

மூன்று மாதம் ஆகிவிட்டது, என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டதனம்.

நூலகத்தில் முதல் வாரம் யாரும் கிடைக்கவில்லை. இரண்டாம் வாரமும் இல்லை. அறிவொளி நண்பர்களில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, இன்னொருவர் எங்கள் வீட்டுக்கே வந்தார், மகளுக்குப் பழைய துளிர் இதழ்கள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். அவர் மூலம் ஓர் இயற்பியல் ஆசிரியர் தெரியவந்தார், அவரிடம் தொலைநோக்கி இருக்கிறது. ஜூலை முழுக்கச் சாரலும் காற்றும், வானமே தெரியவில்லை. போன வாரம்தான் ஒரு மாலை மேகம் விலகியது. எங்கள் மாடியில் பதினாலு பிள்ளைகள். அரை நிலா. இருட்டும் வெளிச்சமும் சேரும் கோட்டில் பள்ளங்கள் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன. கீழ்வீட்டுப் பெரியவர் கடைசியாக வரிசையில் நின்று பார்த்துவிட்டு, கண்ணை எடுக்காமலே, "என் வீட்டுக்காரி இருந்தா பாத்திருப்பா" என்றார். அவர் எங்களிடம் அதுவரை சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. அப்புறம் அவரே எல்லோருக்கும் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இன்னும் உறுப்பினர் ஆகவில்லை, கூட்டத்துக்கு மட்டும் போகிறேன். அங்கே ஒரு பெண் என்னைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் இல்லையா?" என்று மிகுந்த இரக்கத்தோடு கேட்டார். இருக்கிறார் என்று சொன்னேன், ஏன் தாலி இல்லை என்று சொல்லவில்லை. கொங்கு மருமகள் சொன்ன ஒரு படி நினைவுக்கு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் மகளை உள்ளே கூப்பிடுவதில்லை, அவளுக்கும் அது தெரியும்.

வியாழக்கிழமை மட்டும் இதுவரை ஒன்பது தடவை போய்விட்டேன். தென்காசியிலிருந்து பேருந்தில் அரை மணிக்குமேல் ஆகிறது. முதல் நாள் எல்லோரும் சல்வாரில் கால் மடக்கிப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள், நான் வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றேன். தங்கையின் மாமியார்தான் உள்ளேயிருந்து வந்து கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். இப்போது வாசிப்பது பெரும்பாலும் என் முறை, தையல் எனக்கு வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் தொழுகைக்கு எழுந்து போகும்போது நான் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பேன், வந்ததும் விட்ட வரியிலிருந்து தொடர்வேன்.

---

பூவேலை_கடையநல்லூர் | செப்டம்பர் 8, இரவு 10:20

அக்கா, உம்மா (என் மாமியார்தான்) உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்த வியாழன் பாப்பாவுக்குப் பள்ளி விடுமுறை என்றீர்களே, அவளையும் கூட்டி வாருங்கள். போன வாரம் கதை பாதியில் நிற்கிறது, நீங்கள் வராமல் யாரும் பக்கத்தைத் திருப்பக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். குடை எடுத்துக்கொள்ளுங்கள், இங்கே மூன்று மணிக்குமேல் தூறுகிறது.